ஏழடுக்குப் பாதுகாப்பும் ஒரு பாட்டில் நார்த்தங்காயும்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், பேப்பரில் அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும். சுதந்திர தினத்தையொட்டி சென்னை விமான நிலையத்தில் ஏழடுக்குப் பாதுகாப்பு, பார்வையாளர்களுக்குத் தடை, ஊறுகாய், அல்வா, எண்ணெய் கொண்டுபோகத் தடை. ஜனவரியில் குடியரசு தினத்துக்கும் இதேதான், தேதி மட்டும் மாறியிருக்கும். அன்றைக்கே எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் ஆரம்பித்துவிடும். வாராவாரம் பறக்கிற நம்மையுமா இப்படித் தடவித் தடவிப் பார்ப்பார்கள் என்று.

எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடில்லை. நானும் மாதத்தில் பாதி நாள் ஏர்போர்ட்டில் கிடக்கிறவன்தான். முதல் சோதனை முடிந்து, விமானம் ஏறப்போகும் நேரத்தில் மறுபடியும் பையைத் திற என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இவை யாரும் ஏசி அறையில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் எழுதிய விதிகள் இல்லை. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு, கொழும்பு விமானத்துக்கென்று போட்ட பெட்டியில் இருந்தது. பெட்டியைப் போட்டவர் விமானம் ஏறவில்லை. செத்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. அடுத்த ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்தது, 329 உயிர். அங்கேயும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 'ஒருத்தர் வரல, அவர் பெட்டியை இறக்குறாங்க' என்று விமானத்துக்குள் உச்சுக்கொட்டுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். 1999 காந்தகார் விமானக் கடத்தலுக்கு அப்புறம்தான் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை ஏர்போர்ட்டுகளுக்குள் வந்தது. 2006இல் குளிர்பான பாட்டிலில் வெடிமருந்து கொண்டுபோகத் திட்டம் போட்ட கும்பல் லண்டனில் பிடிபட்டது. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பைத் திரவங்களுக்கு 100 மில்லி கணக்குப் பார்ப்பது அதிலிருந்துதான்.

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், விமானம் ஏறும் முன் நடக்கிற இந்த இரண்டாவது சோதனையை எல்லா விமானத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். மூன்று மணி நேரம் முன்னாலேயே வாருங்கள், புறப்பாட்டுக்கு 75 நிமிடம் முன்பு செக்-இன் மூடிவிடும் என்றார்கள். சரி, எங்களைப் போன்றவர்கள் அரைமணி குறைவாகத் தூங்கினோம், அவ்வளவுதான். எந்த ட்ரேயில் லேப்டாப், எதில் பெல்ட் என்பதெல்லாம் எங்களுக்குக் கை தானாகச் செய்யும்.

அலர்ட் காலத்தின் முழு பாரமும் விழுவது எப்போதாவது பறக்கிறவர்கள் தலையில். அப்படியொரு நாளில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. மகள் வீட்டுக்குப் போகிறார். பார்வையாளர் தடை என்பதால் மகன் வாசலோடு திரும்பிவிட்டார். எக்ஸ்ரேயிலிருந்து அவர் பை மட்டும் தனியாக ஒதுங்கியது. காவலர் இந்தியில் ஏதோ கேட்க, பாட்டி என்னைப் பார்த்தார். "பையைத் திறக்கணுமாம் பாட்டி" என்றேன். உள்ளே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய், வாயில் பாலிதீன் போட்டு இரண்டு ரப்பர் பேண்ட். அடியில் வீட்டில் அரைத்த மிளகாய்ப்பொடி, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியது. காவலர் பாவம், நல்ல மாதிரியாகத்தான் கையை விரித்தார். அவரால் என்ன செய்ய முடியும்? பெரிய பெட்டி அதற்குள் பெல்ட்டில் போய்விட்டது.

"அங்க பெட்டி போடும்போதே சொல்லியிருந்தா அதுல வெச்சிருப்பேனேப்பா."

என் கேள்வியும் இதுதான். கவுன்ட்டரில் ஒரு அட்டையைக் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். லைட்டர், பட்டாசு, பவர் பேங்க் எல்லாம் படம் போட்டிருக்கும். ஊறுகாய் பாட்டில் படத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. டிக்கெட் போட்டதிலிருந்து போனுக்கு எத்தனை மெசேஜ் வருகிறது! ஜன்னல் சீட்டுக்குக் காசு, சாண்ட்விச்சுக்குக் காசு, இன்சூரன்ஸுக்குக் காசு. 'ஊறுகாய், மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் வைக்காதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி அனுப்ப முடியாதா? முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிற டிஜியாத்ராவெல்லாம் வந்துவிட்டது, இது பெரிய தொழில்நுட்பமா?

மொழிப் பிரச்சினை புதிதும் இல்லை. 2020 ஆகஸ்டில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சென்னை ஏர்போர்ட்டில் கேட்டதற்கு, நீங்கள் இந்தியரா என்று ஒரு காவலர் திருப்பிக் கேட்டதாகக் கனிமொழி எம்.பி. பதிவிட்டார். விசாரணைக்கு உத்தரவானது. எம்.பி.க்கு விசாரணை நடக்கும். பாட்டிக்கு நார்த்தங்காய் போனதுதான் மிச்சம்.

சோதனையைக் குறைக்கச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு அடுக்கு வேண்டுமானாலும் போடட்டும். பெண்களுக்கான திரைமறைவுச் சோதனைக்கு இன்னொரு ஆளையும் போட்டால் புண்ணியம். ஆனால் கெடுபிடி கூடுகிற நாளில், பெட்டி கையை விட்டுப் போவதற்கு முன்னால், உள்ளூர் மொழியில் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் யாராவது கிளம்புகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரியே கைப்பையைக் கொட்டிப் பாருங்கள். ஊறுகாய், பொடி, நெய் எல்லாம் பெட்டிக்கு. பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரையை இரண்டிலும் விடமாட்டார்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்குமாம். மிளகாய்ப்பொடி இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: நல்லெண்ணெயில் குழைத்து இட்லியில் தடவி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். என் டப்பாவை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை.