பிக்கப் முதுகில் கேம்பர்: மைலேஜைத் தின்பது எது?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் பெட்டில், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதியில், கேம்பர் (உள்ளே படுத்துத் தங்கும் பெட்டி வீடு) ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே மைலேஜ் எவ்வளவு இறங்கும் என்ற கேள்வியும் கூடவே வரும். "2,500 பவுண்டு ஏத்தினா குடிக்காம என்ன செய்யும்?" என்று எடையைக் காட்டிப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதை நம்பித்தான் பலர் எடை குறைந்த, ஆனால் உயரமான கேம்பரை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிறகு பங்க்கில் நின்று தலையைச் சொறிகிறார்கள்.

ஹைவேயில் எடையின் பங்கு சொற்பம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2,500 பவுண்டு என்றால் சுமார் 1,130 கிலோ. டயர் உருளும்போது வரும் தடை சுமையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதாவது இந்தக் கூடுதல் எடைக்காக எஞ்சின் தர வேண்டிய இழுவிசை 11 கிலோ அளவுதான். இப்போது காற்றுக்கு வருவோம். சாதாரண முழு அளவு பிக்கப்பின் முன்பரப்பு (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு) 3.3 சதுர மீட்டர், காற்றுத்தடைக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) 0.4 என்று வையுங்கள். மணிக்கு 65 மைலில் காற்றைத் தள்ள 68 கிலோ விசை வேண்டும். அதே வண்டியில் டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஹார்ட் சைடு (சுவர் மடங்காத) கேம்பரை ஏற்றினால் முன்பரப்பு 6 சதுர மீட்டரைத் தொடும், கெழுவும் 0.5 பக்கம் போகும். இப்போது 155 கிலோ. எடையால் கூடியது 11, காற்றால் கூடியது 87. கேம்பருக்குக் கேம்பர் எண்கள் கொஞ்சம் மாறும், முடிவு மாறாது.

"மலை ஏறும்போது எடைதானே?" என்று அடுத்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொலராடோவில் டென்வரிலிருந்து ஐ-70 ஹைவேயில் ஐசன்ஹவர் டன்னல் வரை ஏறுங்கள். 5,280 அடியிலிருந்து 11,158 அடிக்கு. அந்தக் கூடுதல் 2,500 பவுண்டை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க ஆகும் பெட்ரோல், எஞ்சின் திறன் 30 சதவீதம் என்று வைத்தால், அரை கேலனுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். இறக்கத்தில் அதில் ஒரு பகுதி திரும்பியும் வரும், பிரேக்கில் கரைக்காமல் இருந்தால்.

எடை முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. நகரத்துக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பினால் எடை கடிக்கும். டயர், பிரேக், பின் ஸ்பிரிங் மூன்றுக்கும் எடைதான் எமன். டிரைவர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும். பல 'அரை டன்' பிக்கப்களில் (அது ரகத்தின் பெயர்தான், சுமக்கும் எடை அல்ல) அது 1,500 பவுண்டு பக்கம்தான். அதில் தண்ணீரும் அடக்கம்: கேலனுக்கு 8.3 பவுண்டு, 30 கேலன் டேங்க் நிரப்பினால் 250 பவுண்டு. டிரக் ஸ்டாப் எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். ஆனால் அது பாதுகாப்புக் கணக்கு, மைலேஜோடு குழப்ப வேண்டாம்.

சரி, எவ்வளவு இறங்கும்? ஹைவேயில் காலியாக கேலனுக்கு 18, 20 மைல் தரும் பெட்ரோல் அரை டன் வண்டி, கூரையை மடக்கிக்கொள்ளும் தாழ்வான பாப்-அப் கேம்பரோடு 15, 16 தந்தால் நல்லது. பெரிய ஹார்ட் சைடு என்றால் அதைச் சுமக்க இன்னும் வலுவான முக்கால் டன், ஒரு டன் ரக வண்டி வேண்டும். அங்கே 10 முதல் 12 வரை எதிர்பாருங்கள். ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 4.3 முதல் 5 கிலோமீட்டர். பெட்டை மட்டும் மூடும், கேபின் உயரத்துக்கே நிற்கும் ஷெல் என்றால் வித்தியாசம் தெரிவதே கஷ்டம்.

இந்த 'கேலனுக்கு இத்தனை மைல்' கணக்கே கொஞ்சம் ஏமாற்றும். 19லிருந்து 16க்கு இறங்கினால் 100 மைலுக்கு ஒரு கேலன் கூடுதல். 13லிருந்து 10க்கு இறங்கினால் 2.3 கேலன். இரண்டுமே மூன்று மைல் இறக்கம்தான், செலவோ இரண்டு மடங்குக்கு மேல். 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று எழுதிவையுங்கள், பர்ஸுக்குப் புரியும்.

காசு செலவில்லாத வைத்தியம் வேகம். காற்றுத்தடை வேகத்தின் இருமடியில் ஏறும். 75லிருந்து 60க்கு இறங்கினால் தடை 36 சதவீதம் குறையும். கேம்பர் ஏற்றிய வண்டியில் காற்றின் பங்கு பெரிது என்பதால், வெறும் வண்டியைவிட இங்கே பலன் அதிகம். எதிர்க்காற்றும் இதே கணக்குதான். வயோமிங்கில் ஐ-80ல் 65ல் போகும்போது 15 மைல் வேகத்தில் காற்று நேர் எதிரே அடித்தால் வண்டிக்கு அது 80 மைல் காற்று. தடை ஒன்றரை மடங்கு! அன்றைக்கு மைலேஜ் 8 என்று காட்டினால் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோகாதீர்கள்.

கூரையில் ஒட்டும் சிறு துடுப்புகள், கேபினுக்கும் கேம்பருக்கும் இடையே வைக்கும், காற்றைத் திருப்பிவிடும் விலை உயர்ந்த டிஃப்ளெக்டர், பெட்ரோலில் ஊற்றும் மந்திரத் தண்ணீர், இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காசில் கூரை மேல் ஏற்றிய சைக்கிளைப் பின்பக்கம் மாற்ற, வண்டியின் பின் கொக்கியில் மாட்டும் ஒரு ஹிட்ச் ரேக் வாங்கலாம். அதன் பலனாவது கண்ணுக்குத் தெரியும்.

அளப்பதிலும் ஏகப்பட்ட ஓட்டை. டாஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளம். அதே பங்க், அதே பம்ப், முதல் கிளிக்கோடு நிறுத்துவது, ஓடிய மைலை நிரப்பிய கேலனால் வகுப்பது, இதுதான் முறை. ஒரு டேங்கை நம்பக் கூடாது. 20 கேலனில் ஒரு கேலன் முன்பின் நிரம்பினாலே 5 சதவீதம் பிசகு. மூன்று நான்கு டேங்கைக் கூட்டிப் பாருங்கள். கேம்பர் ஏற்றும் சாக்கில் பெரிய டயர் போட்டிருந்தால் இன்னொரு கூத்து: 265/70 R17ஐக் கழற்றி 275/70 R18 போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். ஓடோமீட்டர் அந்த 5 சதவீதத்தைக் குறைத்துக் காட்டும், பழி கேம்பர் மேல் விழும். ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

பாரம் இழுக்கவும் சுமக்கவும் டிரக்கில் இருக்கும் டோ/ஹால் மோடை நாள் முழுக்கப் போட்டே வைப்பவர்களும் உண்டு. மலைக்கு அது அவசியம், இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் கிடைக்கும். சமதளத்தில் அது மேல் கியருக்குப் போக விடாமல் எஞ்சினை வீணாகச் சுற்றவைக்கும், அணைத்துவிடலாம். அணைத்த பிறகு கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தால், எல்லாவற்றுக்கும் மேலான கடைசி கியருக்கு மட்டும் போகாதபடி தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிரான்ஸ்மிஷன் சூடேறும்.

கேம்பரின் பெரிய வசதியே, நான்கு மூலை ஜாக்கில் நிறுத்திவிட்டு அடியிலிருந்து வண்டியை உருவிக்கொள்ளலாம் என்பது. சோம்பல்பட்டு அதைச் சுமந்துகொண்டே தினமும் ஆபீஸ் போகிறவர்கள்தான் உண்மையில் காசை எரிக்கிறார்கள். 18 மைல் தர வேண்டிய வண்டி 11 தந்தால், வருடம் 5,000 மைல் சும்மா சுமந்ததற்கு 177 கேலன் தண்டம். கேலன் மூன்றரை டாலர் என்றால் 620 டாலர். இறக்கிவைத்த கையோடு பின் டயரையும் கவனியுங்கள். சுமைக்காக ஏற்றிய 70, 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம் அப்படியே இருந்தால் காலி வண்டி மழையில் வாலாட்டும். கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை இறக்கிவிடுங்கள்.