மாதா கோவில் திருவிழா அன்று ஆபீஸ் வைப்பது யாருக்காக?

2026-க்கான விடுமுறைப் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து மெயிலில் வந்துவிட்டது. நான் தூத்துக்குடியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறேன். தலைமை அலுவலகம் வடக்கே. பட்டியலில் ஹோலி, விநாயகர் சதுர்த்தி, தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கிளைகளுக்கென்று பொங்கலுக்கு ஒரு நாள் சேர்த்திருக்கிறார்கள். மாதா கோவில் திருவிழா நாளான ஆகஸ்ட் 5 இல்லை. போன வருஷமும் இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை.

ஹோலி மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு அது பெரிய நாள், அவர்கள் வீட்டில் இருந்து கொண்டாட வேண்டும். ஆனால் எங்கள் கிளையில் ஹோலி கொண்டாடுகிறவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு இந்த ஊரில் பள்ளிக்கூடம் உண்டு, கடை உண்டு, பஸ் உண்டு, பிள்ளைகள் வீட்டில் இல்லை. நாங்கள் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். ஊரே தெருவில் நிற்கிற ஆகஸ்ட் 5 அன்று ஆபீஸுக்குப் போகிறோம்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26 அன்று கொடியேறும், ஆகஸ்ட் 5 அன்று நிறைவு. இப்போது இருக்கிற கோவில் 1713-ல் கட்டியது, 1982-ல் பேராலயம் ஆனது. இது பரதவர் மக்களின் தாய்க்கோவில் என்பது உண்மைதான். ஆனால் திருவிழா அவர்களோடு நிற்பதில்லை. நான் கிறிஸ்தவன் இல்லை. சின்ன வயதில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பீச் ரோட்டுக் கடைகளில் வளையலும் பொம்மையும் வாங்கித் தருவாள். இன்று என் பிள்ளைகளை ராட்டினத்துக்கு நான் கூட்டிப்போகிறேன். இந்த ஊரில் இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் "திருவிழாவுக்குப் போயாச்சா?" என்ற கேள்வி அந்தப் பதினோரு நாளும் கேட்டுக்கொண்டே இருக்கும். 2023-ல் தங்கத்தேர் ஓடியபோது வந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 5-க்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். அது மாநில அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும்தான். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆகிவிடும். வங்கி விடுமுறைக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருகிற விடுமுறை இல்லை என்பதால் வங்கிக்கு இது பொருந்தாது. சுங்க அலுவலகம் மத்திய அரசினுடையது, அதுவும் இயங்கும். தனியார் நிறுவனம் அதனதன் விருப்பம். ஊரில் தொழில் நடத்துகிற உள்ளூர் முதலாளிகள் பலர் கேட்காமலேயே லீவு விட்டுவிடுவார்கள், அல்லது மத்தியானத்தோடு அனுப்பிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது எங்களைப் போலக் கிளை அலுவலகங்களில் இருப்பவர்கள்.

போன ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பக்கத்து மேஜையில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். மாதா கோவில் தெருப்பக்கத்துப் பெண். விடியற்காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு, வீட்டில் வந்து இறங்கியிருக்கிற சொந்தங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டு, புதுச் சேலையோடு ஒன்பதரைக்கு ஆபீஸில் வந்து உட்கார்ந்துவிட்டார். வேம்பாரிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், மும்பையிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருக்கிறது. வருஷத்தில் அந்தத் தங்கச்சியைப் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அக்காவின் செல்போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்து, "சாயந்தரம் வந்துருவேன், நீங்க சாப்பிடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைப்பார். ஒரு டிஃபன் டப்பா நிறைய வீட்டில் சுட்ட பலகாரம் கொண்டுவந்து எல்லார் மேஜையிலும் வைத்தார். அதைச் சாப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வேலை என்ன நடந்தது? ஒரு ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) எடையைத் திருத்த வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் உருப்படியான வேலை. லாரி டிரைவர்களில் பாதிப் பேர் வரவில்லை. கண்டெய்னரில் சரக்கு ஏற்றுகிற ஆட்கள் வரவில்லை. கோவிலைச் சுற்றி வண்டிகளைத் திருப்பி விட்டிருந்ததால் ஆவணம் கொண்டுபோக வேண்டிய பையன் பாதி வழியில் திரும்பிவிட்டான். மற்றபடி இருந்த இடத்திலேயே இருந்தோம். அன்றைக்கென்று பார்த்து சாயந்தரம் ஆறு மணிக்கு வீடியோ கூட்டம் வைத்திருந்தார்கள். அது முடிந்து அக்கா கிளம்பும்போது சப்பரம் கோவிலை விட்டு வெளியே வந்துவிட்டது. வண்டி எடுக்க வழியில்லாமல், கூட்டத்துக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்.

"தனியா லீவு போட்டிருக்கலாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போடலாம். ஆனால் எங்கள் கிளையில் அன்றைக்கு லீவு கேட்கிறவர்கள் பத்துப் பேர், கொடுக்க முடிவது இரண்டு பேருக்கு. யார் முதலில் கேட்டது, யார் போன வருஷம் எடுத்தது என்று ஒரே ஆபீஸில் இருப்பவர்களுக்குள் மனக்கசப்பு. அவரவர் சொந்த லீவிலிருந்து ஒன்று கழியும். அப்புறம் ஹோலிக்கு மட்டும் ஏன் யாரும் லீவு கேட்க வேண்டியதில்லை?

சட்டத்தைப் பார்த்தால் இதில் கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் 1958-லேயே தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்துவிட்டது. கடைகள், தனியார் அலுவலகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்கள் கட்டாயம். அது போக ஐந்து பண்டிகை நாட்கள். இந்த ஐந்தும் எவை என்பதை நிறுவனத்தையும் பணியாளர்களையும் கலந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தீபாவளிதான் வேண்டும், தசராதான் வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. எங்களை யாரும் கலக்கவில்லை. ஏற்கெனவே முடிவான பட்டியலை ஒரு பிடிஎஃப் ஆக அனுப்பி, படித்துக்கொண்டதாக ஒரு பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து பல ஆபீஸ்களில் இந்தச் சட்டம் இருப்பதே பணியாளர்களுக்குத் தெரியாது. விடுமுறை என்பது முதலாளி மனது வைத்துக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் பிறந்தவர்கள் அப்படி நினைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. 1908 பிப்ரவரியில் இதே தூத்துக்குடியில் கோரல் மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டது வார விடுமுறை. மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களில் வ.உ.சி. கைதானார். இன்று நாங்கள் தினமும் பாஸ் காட்டி உள்ளே போகிற துறைமுகத்துக்கு 2011 முதல் அவர் பெயர்தான்.

மேலிடத்தில் பேசினால் வருகிற ஒரே பதில், "கப்பல் காத்திருக்காது" என்பது. சரி, கப்பல் காத்திருக்காதுதான். துறைமுகம் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது, கட்-ஆஃப் நேரத்துக்குள் கண்டெய்னர் உள்ளே போகாவிட்டால் சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும், வாடிக்கையாளருக்கு நஷ்டம். இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தீபாவளி அன்றும் கப்பல் வருகிறது. அன்றைக்கு என்ன செய்கிறோம்? முறை போட்டு இரண்டு பேர் வருகிறோம், மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகஸ்ட் 5 அன்றும் அப்படியே செய்யலாம். திருவிழாவுக்குப் போகாதவர்களும் எங்களில் இருக்கிறார்கள், அவர்கள் சந்தோஷமாக முறைக்கு வருவார்கள். நானே ஒரு வருஷம் வரத் தயார்.

விடுமுறைப் பட்டியலோடு இது நின்றுவிடவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஊர் எப்படி இருக்கிறது என்பதே மேலே இருப்பவர்கள் கணக்கில் வருவதில்லை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பேரோடு நின்றுபோனது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. பல தெருக்களில் தண்ணீர் வடியவே நாட்கள் ஆயின. எங்களுக்கு வருகைப் பதிவு செல்போன் ஆப்பில்தான், ஆபீஸ் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு அழுத்த வேண்டும். சிக்னல் திரும்பி வந்ததும் எங்களில் பலருக்கு முதலில் வந்த மெயில், வராத நாட்களுக்குக் காரணம் கேட்டது. தற்செயல் விடுப்பில் கழித்தார்கள். விடுப்பு இல்லாதவர்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். வீட்டில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்கும் பிடித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு எங்கள் ஆபீஸிலிருந்தே மாலை போடுகிறவர்கள் உண்டு. காளி வேஷம் போடுகிற ஒரு தம்பி பல நாள் விரதம் இருக்கிறான். செருப்புப் போட மாட்டான், சிவப்பு வேட்டி கட்டியிருப்பான். காப்புக் கட்டிய பிறகு தெருத்தெருவாகத் தர்மம் எடுத்து, அந்தக் காசைக் கோவில் உண்டியலில் சேர்ப்பான். அவனிடம் வீடியோ கூட்டத்தில் "உடை ஒழுங்கு" பற்றிப் பேசினார்கள். மறுநாள் முதல் அவன் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். எங்கள் கிளை மேலாளர் நல்ல மனிதர், இந்த ஊர்க்காரர்தான். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவருக்கும் மேலே பயம்.

இப்போது நாங்கள் கேட்பது மூன்று. ஐந்து பண்டிகை நாட்களில் ஹோலிக்குப் பதிலாக ஆகஸ்ட் 5-ஐத் தூத்துக்குடிக் கிளைக்குச் சேர்க்க வேண்டும். நிறுவனத்துக்கு இதனால் ஒரு நாள்கூடக் கூடுதலாகப் போகாது. வெள்ளம், புயல் என்று ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்களில் வருகைப் பதிவைக் கிளை மேலாளரே முடிவு செய்ய அதிகாரம் தர வேண்டும். திருச்செந்தூர் சூரசம்ஹாரம், குலசை தசரா போன்ற நாட்களில் சாயந்தரக் கூட்டம் வைக்காமல் இருக்க வேண்டும். கடிதம் எழுதிவிட்டோம், பக்கத்து மேஜை அக்காதான் முதல் கையெழுத்து. குலசைத் தம்பி இரண்டாவது. மேலாளரிடம் நாளைக்குக் கொடுக்கப்போகிறோம். அவரும் கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன்.

தூத்துக்குடியில் வெளியூர் நிறுவனங்களின் கிளைகளில் வேலை பார்க்கிற நண்பர்கள், உங்கள் 2026 பட்டியலை எடுத்துப் பாருங்கள். வரும் ஆகஸ்ட் 5 புதன்கிழமை. அதில் இல்லையென்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள், வருஷம் பிறந்த பிறகு பட்டியலை மாற்ற வைப்பது கஷ்டம். கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், பெயரையும் நிறுவனத்தையும் எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.