கப்ளர் இருக்க கட்டிங் பிளேயர் எதுக்கு?

கார்ல ஸ்டீரியோ மாத்தணும்னா கடையில முதல்ல வெளிய வர்றது கட்டிங் பிளேயர்தான். வண்டி மாடலுக்குன்னே கப்ளர், அதாவது வயரை வெட்டாம இணைக்கிற பிளக், கிடைக்குது, சொருகினா முடிஞ்சது. அதை விட்டுட்டு கம்பெனி வயரை நறுக்கி, முறுக்கி, டேப் சுத்தி உள்ள தள்ளிடறாங்க. டாஷ்போர்டு சூட்டுல பசை இளகி டேப் நழுவும். உள்ள இருக்கிற செம்புக் கம்பி வண்டி பாடியில உரசினா ஃபியூஸ் காலி.

ஸ்டீரியோவோட மஞ்சள் வயருக்கு எப்பவும் 12 வோல்ட், சிவப்புக்கு சாவி போட்டா மட்டும். ரெண்டையும் சாவி லைன்ல சேர்த்தா, ஆஃப் பண்ணும்போதெல்லாம் கடிகாரம், ஸ்டேஷன் எல்லாம் அழியும். பேட்டரி லைன்ல சேர்த்தா, சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோ அணையாம பேட்டரி இறங்கி, காலையில வண்டியைத் தள்ள வேண்டி வரலாம்.

ஆம்ப்ளிஃபையரோட எர்த் வயருக்கோ பெயின்ட் மேலயே ஸ்க்ரூ! சுரண்டி வெறும் இரும்புல கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எர்த் சரியா பிடிக்காம, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல 'ஊய்ங்'னு ஏறுது. கேட்டா, "ஸ்பீக்கர் மட்டம் சார், மாத்திடுங்க"ங்கறாங்க.