பேர் பெற்ற காலேஜா, மார்க் வாங்க முடிகிற காலேஜா?

போன ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருந்தபோது ஒரு தோழி ஓடி வந்து போனைக் காட்டினாள். மகளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று, ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கும் பெயர் தெரிந்த ஐவி லீக் பல்கலைக்கழகம். சாப்பாடு, தங்கும் செலவெல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தொடும். இன்னொன்று நம்ம நியூ ஜெர்சி அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ், அதில் நன்றாகப் படிப்பவர்களுக்கென்று இருக்கும் ஹானர்ஸ் காலேஜ், உதவித்தொகையும் தருகிறார்கள். பெண் டாக்டராக வேண்டும் என்கிறாள். மே 1க்குள் பதில் சொல்லியாக வேண்டும். "அக்கா, பெரிய காலேஜ்ல படிச்சா மெடிக்கல் சீட் சுலபமா கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க பொண்ணு படிச்சா இல்ல, நீங்க சொல்லுங்க" என்றாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள், அந்த இரைச்சலில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த வாரம் இதே குழப்பத்தில் இருப்பார்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்காவில் ப்ளஸ் டூ முடித்ததும் நேரே எம்பிபிஎஸ் கிடையாது. நான்கு வருடம் ஏதோ ஒரு பட்டப்படிப்பு, அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள் கட்டாயம், அப்புறம் எம்கேட் தேர்வு, அதற்கும் பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம். ஏழரை மணி நேரம் உட்கார்ந்து எழுதும் அந்த எம்கேட்டுக்கு மொத்தம் 528 மதிப்பெண். 2023இல் எம்.டி. படிப்புக்கு (நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி இங்கே அதுதான் முதல் மருத்துவப் பட்டம்) ஏறக்குறைய 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ, அதாவது எல்லாப் பாட கிரேடுகளையும் சேர்த்துப் போடும் புள்ளி, 4க்கு 3.77, எம்கேட் 511.7. சராசரியே இதுதான் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸ் வாங்கினாலே 3.7தான் வரும்.

என் தலைமுறைக்கு ப்ளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் சேர்ந்து ஒரு கட்-ஆஃப். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் கவுன்சிலிங். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதனால்தான் பிள்ளைகளை நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த முறை எனக்குப் பிடிக்காது, ஆனால் கணக்குத் தெரிந்துதான் சேர்த்தார்கள்: மார்க் எங்கே வருகிறதோ அங்கே போ. அதே கணக்கோடு வளர்ந்த நாம் இங்கே வந்ததும் அதை அப்படியே மறந்துவிட்டு, பெயரைப் பிடித்தால் மார்க் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். நானும் என் கணவரும் நம்பினோம்.

என் மகள் 2015இல் பேர் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். எங்கள் வீட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரம். பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவள், அங்கே இருந்த எல்லாருமே அவரவர் பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவர்கள்தான். பொது வேதியியல் வகுப்பில் முந்நூறு பேருக்கு மேல். மார்க்கை அப்படியே போட மாட்டார்கள், வகுப்பு முழுவதையும் வரிசைப்படுத்தி, மேலே இருக்கிற இத்தனை பேருக்கு ஏ, அடுத்தவர்களுக்கு பி என்று கர்வ் போடுவார்கள். அக்டோபரில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. "அம்மா, வகுப்பு சராசரி 58, நான் 51" என்றாள். நூற்றுக்கு 51 என்கிற எண்ணை அவள் அதுவரை தன் விடைத்தாளில் பார்த்ததே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லம்மா, உன் காலேஜ் பேரு இருக்கே, அவங்களுக்குத் தெரியாதா அங்க எவ்வளவு கஷ்டம்னு." அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை விடுங்கள், விண்ணப்பத்துக்குத் தெரியாது. பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்ப முறை ஆம்காஸ். அதில் பி என்றால் 3.0, எந்தக் கல்லூரியில் வாங்கிய பி-யாக இருந்தாலும் 3.0. கடினமான கல்லூரி என்று பாயின்ட் ஒன்று கூடக் கூட்டித் தர மாட்டார்கள். தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழையது அழியாது, இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ வேறு போடுவார்கள்.

இதில் பெற்றோருக்குப் புரியாமல் போவது, சராசரி எவ்வளவு கனமானது என்பதுதான். என் மகளுக்கு முதல் இரண்டு வருடம் 60 கிரெடிட், ஜிபிஏ 3.2. அப்புறம் படிக்கும் முறையை மாற்றிக்கொண்டாள், ஆசிரியர்களின் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்கப் பழகினாள், கடைசி இரண்டு வருடம் இன்னொரு 60 கிரெடிட்டில் 3.9 எடுத்தாள். கூட்டி இரண்டால் வகுத்தால் 3.55. கடைசி இரண்டு வருடம் அவள் தூங்கின நேரத்தை எண்ணிச் சொல்லிவிடலாம், அத்தனை உழைப்பும் அவளைச் சராசரிக்குக் கீழேதான் கொண்டுவந்து நிறுத்தியது.

அதோடு போகவில்லை. 2019இல் கோடை விடுமுறைக்கு வந்தவள் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாக விண்ணப்பத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அம்மா, அந்த கவுன்ட்டி காலேஜ் கால்குலஸ் ஞாபகம் இருக்கா?" என்றாள். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தின கோடையில் பக்கத்து கவுன்ட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், நான்தான் சேர்த்துவிட்டேன், சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு பாடம் முடித்தால் நல்லதுதானே என்று. நடுவில் என் தங்கை கல்யாணத்துக்கு மதுரை போனதில் இரண்டு வாரம் வகுப்பு போய்விட்டது. சி வந்தது. கவுன்ட்டி காலேஜ்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே சொல்லி அவளைத் தேற்றினேன். பள்ளியில் படிக்கும்போது எடுத்திருந்தாலும் கல்லூரி கிரெடிட் உள்ள பாடம் என்றால் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும், மார்க்கும் கணக்கில் சேரும். பதினாறு வயதில் வாங்கிய சி, இருபத்தொரு வயதில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைக் குறை சொல்லி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருடம் இருபத்திரண்டு கல்லூரிகளுக்குப் போட்டாள். ஒரே ஒரு நேர்காணல், அதுவும் வெயிட்லிஸ்ட்டோடு நின்றது. இரண்டு வருடம் ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்கிரைப் வேலை, டாக்டர் நோயாளியிடம் பேசப் பேசக் கூடவே நின்று தட்டச்சு செய்கிற வேலை. எம்கேட்டைத் திரும்ப எழுதினாள். 2021இல் மறுபடி விண்ணப்பம், நாடு முழுக்க 62,000 பேருக்கு மேல் போட்ட வருடம் அது. மார்ச்சில் ஒரே ஒரு கடிதம் வந்தது. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சேருவது இப்போது சாதாரணம்தான், பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் தானாக விரும்பி எடுக்கிற இடைவெளி வேறு, ஒவ்வொரு மெயிலையும் பயந்து பயந்து திறந்த அந்த இரண்டு வருடம் வேறு.

சரி, பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. இரண்டு பேருக்கும் 3.85, இரண்டு பேருக்கும் 518 என்றால் பெரிய பெயர் நிச்சயம் உதவும், அதிலும் ஆராய்ச்சிக்குப் பெயர்போன தனியார் மருத்துவக் கல்லூரிகள் எங்கே படித்தாய் என்று பார்க்கின்றன. பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை, பணம் உள்ள ஆய்வகம், பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியருக்கு நாடறிந்த பெயர், இதெல்லாம் உண்மையான வசதிகள். என் மகளும் அங்கே ஒரு ஆய்வகத்தில் கற்றது இன்றைக்கும் அவளுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அங்கே வாங்கிய 3.4 இங்கே வாங்கிய 3.85க்குச் சமமாகிவிடாது. ஏஏஎம்சி, அதாவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், வருடா வருடம் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வெளியிடுகிறது. ஒரு பக்கம் ஜிபிஏ, ஒரு பக்கம் எம்கேட், நடுவில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது என்று. கல்லூரிப் பெயருக்கு அதில் கட்டமே இல்லை. மேல் மூலையில், 3.8க்கும் 517க்கும் மேலே இருக்கிறவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கிடைப்பதில்லை. கீழே இறங்க இறங்க எண் எப்படிக் குறைகிறது என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். ஆண்டுதோறும் அதிகமாக விண்ணப்பதாரர்களை அனுப்புகிற கல்லூரிகளின் பட்டியலில் மேலே நிற்பது யூசிஎல்ஏ, டெக்சஸ் ஆஸ்டின், ஃப்ளோரிடா மாதிரியான அரசுப் பல்கலைக்கழகங்கள்தான்.

இன்னொன்று, பெரிய பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி மார்க் போடுவதில்லை. பிரின்ஸ்டனில் 2004 முதல் 2014 வரை ஒரு துறையின் வகுப்புகளில் மொத்தமாக 35 சதவீதத்துக்கு மேல் ஏ போடக் கூடாது என்று வழிகாட்டுதலே இருந்தது. அதே காலத்தில், 2013இல், ஹார்வர்டில் அதிகம் போடப்படும் மார்க் ஏ-தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இரண்டும் ஐவி லீக். கேம்பஸ் சுற்றிப் பார்க்கப் போகிற நாம் சாப்பாடு எப்படி, ஹாஸ்டல் எப்படி என்று கேட்கிறோம், பொது வேதியியலிலும் ஆர்கானிக்கிலும் சராசரியாக என்ன கிரேடு போடுவீர்கள் என்று கேட்பதில்லை. கேளுங்கள். "எங்கள் மாணவர்களில் 85 சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்" என்று யாராவது சொன்னால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கமிட்டி கடிதம், அதாவது கல்லூரியே ஒரு குழு வைத்து மாணவருக்கு எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம், எல்லாருக்கும் தருவீர்களா? சில கல்லூரிகளில் ஜிபிஏ குறைந்தவர்களுக்குக் கடிதம் எழுத மறுத்துவிடுவார்கள், அவர்கள் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவார்கள், சதவீதம் அழகாக நிற்கும்.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் வந்த பெற்றோரைச் சார்ந்த விசாவில், பிள்ளை இருக்கும் வீடுகள் இதையும் யோசிக்க வேண்டும். 21 வயதுக்குள் கிரீன் கார்டு வராவிட்டால் பிள்ளை வெளிநாட்டு மாணவராகிவிடும், வெளிநாட்டு மாணவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை. அந்த வீட்டில் காலேஜ் பெயரை விட இது பெரிய பிரச்சினை, இதற்குத் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.

அப்புறம் பணம். மருத்துவம் படித்து வெளியே வரும்போது 2,00,000 டாலர் கடன் என்பது இங்கே சாதாரணம். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018இல் மருத்துவப் படிப்புக்குக் கட்டணத்தையே நீக்கியது, 2024இல் நியூயார்க்கின் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் நூறு கோடி டாலர் நன்கொடை வந்தபிறகு நீக்கியது, ஆனால் அந்த இடங்கள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? முதல் நான்கு வருடத்திலேயே சேமிப்பைக் கரைத்துவிட்டால், எம்கேட் பயிற்சிக்கும் விண்ணப்பக் கட்டணங்களுக்கும் ஒரு வருடம் சம்பளம் குறைவான வேலையில் பிள்ளை இருப்பதற்கும் கையில் எதுவும் மிஞ்சாது. எங்களுக்கு மிஞ்சவில்லை. என் கணவர் ஓய்வுக்காகச் சேர்த்ததில் கைவைத்தோம்.

தோழிக்கு என் பதில் இதுதான். பெண்ணுக்கு மருத்துவம்தான் என்று உறுதியாக இருந்தால், வீட்டுப் பணமும் யோசிக்கிற நிலையில் இருந்தால், நான் ரட்கர்ஸ் என்றுதான் சொல்வேன். நம்ம மாநில அரசு மருத்துவக் கல்லூரிகள் நம்ம பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருகின்றன, அதற்கு ஐவி லீக் தேவையில்லை. அவள் மனம் பாதி வழியில் இலக்கியத்துக்கோ பொருளாதாரத்துக்கோ திரும்பக் கூடும் என்று தோன்றினால் கணக்கு மாறும், அப்போது பெரிய பெயர் வேறு கதவுகளைத் திறக்கும். பதினேழு வயதுப் பெண், அதை அவளிடமே கேட்க வேண்டும், நம் வாட்ஸ்அப் குழுவிடம் கேட்கக் கூடாது.

நேற்று தோழியின் மகளிடம் போனில் பேசினேன். மருத்துவமனையில் தன்னார்வலராகப் போகிறாள், ஒரு பாட்டிக்கு வாரா வாரம் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறாளாம், அதைப் பற்றியே இருபது நிமிடம் பேசினாள். இரண்டு காலேஜிலும் முதல் வருட வேதியியல் வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறாயா என்று கேட்டேன், அனுமதி கேட்டு இரண்டு இடத்துக்கும் மெயில் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ரட்கர்ஸ். அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.