தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிய காலம்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு ரயில் வந்துகொண்டிருந்தது என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதே இல்லை. வந்தது. 1926-லிருந்து 1986 வரை, மயிலாடுதுறையில் கிளம்பி செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக, 30 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத்) தண்டவாளப் பாதையில்.

ரயிலால் இந்த ஊர் பட்ட பாடு அதற்கும் முந்தையது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர், 1845-ல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயர் பன்னிரண்டரை லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய ஊர். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கும் கப்பலும் அந்தப் பக்கம் போக, இங்கே துறைமுகம் படுத்துவிட்டது. 65 வருஷம் கழித்து இங்கேயும் தண்டவாளம் வந்தது. சரி, இனி பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்தால், 60 வருஷத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நஷ்டம் என்றார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது இந்த வார்த்தைதான். மீன் கூடையோடு விடிகாலை வண்டியைப் பிடித்து மாயவரம் (அப்போது மயிலாடுதுறைக்கு அதுதான் பெயர்) சந்தைக்குப் போன பெண்களைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்கள் வீட்டில் எரிந்த அடுப்பு எந்த வரவுக் கணக்கில் வரும்? டிக்கெட் காசை மட்டும் எண்ணினால் கிளைப் பாதை எதுவுமே தேறாது. ரோடு போடும்போது மட்டும் லாபமா நஷ்டமா என்று யாரும் கேட்பதில்லையே.

இப்போது திருக்கடையூரைப் போய்ப் பாருங்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருஷம் முழுக்கக் கூட்டம். வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி, வேனிலும் பஸ்ஸிலும் குலுங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் கோயில் ஊருக்கே ரயில் வந்த பாதை இது!

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். பேரளம் - காரைக்கால் பாதையும் அதே 80களில் போனதுதான், இன்றைக்கு அகலப் பாதையாகத் திரும்ப வந்துவிட்டது. தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் பக்கம்தானே, 15 கிலோமீட்டர் சொச்சம். இரண்டையும் இணைத்தால் கடற்கரை ஓரமாகவே ஒரு வழி கிடைக்கும். அதுவரை பழைய பாதை போன நிலத்தையாவது யாரும் வளைத்துப்போடாமல் காப்பாற்ற வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தரங்கம்பாடி ரயில் நிலையத்தின் போட்டோவோ பழைய அட்டை டிக்கெட்டோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.