ஒளிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோ வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. அரசு மக்களைக் கண்காணிப்பதைப் பற்றி நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அண்ணன் மைக்கை வாங்கி, "ஏம்மா, உங்கிட்ட அப்படி என்ன ரகசியம் இருக்கு? ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா எதுக்கு இவ்வளவு பயம்?" என்றார். அரங்கமே சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். சரி, சிரித்தாயிற்று. அன்றைக்குச் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். இங்கே மைக்கைப் பிடுங்க முடியாது.

முதலில் ஒரு சந்தேகம். நாம் பேசக் கூடியிருந்த நாவலை அண்ணன் படித்துவிட்டுத்தான் வந்தாரா? ஆர்வெல்லின் '1984', 1949-இல் வந்தது. எந்நேரமும் மக்களை வேவு பார்க்கும் ஒரு கட்சியின் ஆட்சி, அதன் தலைவர் பெரியண்ணன். எல்லோரும் கதாநாயகன் வின்ஸ்டனைப் பற்றித்தான் பேசுவார்கள். டைரி எழுதினான், காதலித்தான், மாட்டினான். நான் பேச வந்தது அவனுடைய பக்கத்து வீட்டுப் பார்சன்ஸைப் பற்றி. கட்சி என்றால் உயிர். வசூலா, தோரணமா, ஊர்வலமா, முதல் ஆளாக நிற்பார். ஒளிக்க அவரிடம் துரும்புகூட இல்லை. அவரும் கடைசியில் சிறைக்கு வந்து சேர்கிறார். தூக்கத்தில் 'பெரியண்ணன் ஒழிக' என்று உளறிவிட்டாராம். சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்டு, ரோந்துக்காரர்களிடம் சொன்னது 7 வயது மகள். மனிதர் மகளைத் திட்டக்கூட இல்லை, நல்லபடி வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படுகிறார்! அண்ணா, உங்கள் வசனத்தை உங்களைவிட ஆழமாக நம்பியவர் அவர்தான்.

என்னிடம் என்ன இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. அதில் எது தப்பு என்று யார் முடிவு செய்கிறார்கள், எப்போது முடிவு செய்கிறார்கள்? அதுதான் கேள்வி.

"அது கதைதானே" என்பீர்கள். கதை வேண்டாம், நெதர்லாந்துக்குப் போவோம். போருக்கு முன்பே அங்கே ஒவ்வொரு நகராட்சியும் மக்கள் பதிவேட்டைப் பிரமாதமாகப் பராமரித்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி, கூடவே மதம். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டார்கள், ஜனங்களும் மறைக்க என்ன இருக்கிறது என்று சொன்னார்கள். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை உள்ளே வந்தது. அட்டைகள் அப்படியே இருந்தன, அலமாரியின் சாவி மட்டும் கைமாறியது. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் மற்ற நாடுகளைவிட அங்கே சாவு விகிதம் அவ்வளவு கூடியதற்கு அந்த ஒழுங்கான பதிவேடும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

1943 மார்ச் 27 இரவு, எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த சிலர் போலீஸ் உடை போட்டுக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து குண்டு வைத்தார்கள். அணைக்க வந்த தீயணைப்புக்காரர்கள் வேண்டுமென்றே தாமதித்து வந்ததாகவும், தேவைக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சி, எரியாத அட்டைகளையும் நனைத்துப் பாழாக்கியதாகவும் சொல்வார்கள். அப்படியும் பெரும்பகுதி தப்பிவிட்டது. இதில் பங்கெடுத்ததற்காக 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு அலமாரிக் காகிதத்தை அழிக்க 12 உயிர். இதைத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிரிப்பு.

எனக்கு இது புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்ததில்லை. பள்ளிக்கூட விடுதியில் வளர்ந்தவள் நான். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்து, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, அவரே ஒட்டி அனுப்புவார். ஒரு தடவை, மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை, ராத்திரி பயமாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன். கடிதம் என்னிடமே திரும்பி வந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. "அம்மா கவலைப்படுவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். நல்ல மனுஷிதான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஒரே கடிதம். நலம், நன்றாகப் படிக்கிறேன், கவலை வேண்டாம். ஜுரத்தில் சுருண்டு கிடந்தபோதும் நலம். அம்மா அவற்றைக் கட்டி வைத்திருக்கிறார். பிற்பாடு எடுத்துப் படித்தால் யாரோ ஒரு சமர்த்துப் பெண் எழுதியது மாதிரி இருக்கிறது. அந்தச் சின்ன வயதில் என்னிடம் என்ன ரகசியம் இருந்தது, சொல்லுங்கள்? நாவலில், வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் என்ற திரையின் பக்கம் திரும்பும்போதெல்லாம் வின்ஸ்டன் முகத்தில் ஒரு அமைதியான நம்பிக்கைக் களையை வரவழைத்துக்கொள்வான். அந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

"குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா?" பிடியுங்கள். நீதிமன்ற உத்தரவு வாங்கிப் பிடியுங்கள். அவ்வளவுதான் இதற்குப் பதில்.

"யாரும் நீ பேசுறதைக் கேக்கல, யாரோட எப்ப பேசினேன்னுதானே பார்க்கிறாங்க" என்று ஒருவர் கூட்டம் முடிந்தபின் விளக்கினார். 2013-இல் அமெரிக்க உளவுத்துறையின் ரகசியக் கண்காணிப்பைப் பற்றி, அங்கே வேலை பார்த்த ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் வந்தபோது அமெரிக்க அரசும் இதே சமாதானத்தைத்தான் சொன்னது. அடுத்த வருஷமே, அங்கே உளவுத்துறைத் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை, அதாவது யாரோடு எப்போது பேசினார்கள் என்கிற அந்த விவரத்தை, வைத்துத்தான் ஆட்களைக் கொல்கிறோம் என்று மேடையிலேயே சொன்னார். போதுமா?

"ஒரு காரணத்துக்குத்தானே வாங்குறாங்க, வேற எதுக்கும் பயன்படுத்த மாட்டாங்க." சிங்கப்பூரில் கொரோனா காலத்தில் டிரேஸ்டுகெதர் என்று ஒரு செயலி. தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகப் போலீசும் அந்தத் தகவலைக் கேட்டு வாங்கலாம் என்று நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாகச் சொன்னார்களே, அதுவே பெரிது.

அடுத்தது எல்லோருக்கும் பிடித்த கேள்வி: "நீயே எல்லாத்தையும் போன்ல கொட்டிட்டு அரசாங்கத்தைக் குத்தம் சொல்றியா?" இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கம்பெனிகள் என்னை அலசித் துவைத்துத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் கம்பெனிக்கு என்னை ஜெயிலில் போட முடியாது. அரசுக்கு முடியும். அதோடு, கம்பெனியிடம் இருப்பது கம்பெனியிடமே நிற்கும் என்று யார் சொன்னது? பெரிய இணைய நிறுவனங்களிடமிருந்து அமெரிக்க உளவுத்துறை தகவல் வாங்கும் ஏற்பாட்டுக்குப் பெயரே பிரிஸம். நான் செருப்பு வாங்கத் தேடியது ஒருவன் கையில் இருக்கிறது என்பதற்காக, நான் எந்தக் கூட்டத்தில் என்ன பேசினேன் என்பதும் இன்னொருவன் கையில் இருக்கட்டும் என்று எப்படி ஆகும்? தெரியாமல்தான் கேட்கிறேன்.

நான் கேட்பது ஒன்றும் வானத்து நிலா இல்லை. எதற்கு எடுக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தப்பாகப் பயன்படுத்தினால் யாரிடம் போய் முறையிடுவது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2017-இல் 9 நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த 9 பேரிடமும் அப்படி என்ன ரகசியமோ!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது. இதே கேள்வியை அன்றைக்குப் பேசிய ஆண்கள் யாரிடமும் அண்ணன் கேட்கவில்லை. எனக்கு முன்னால் பேசியவர் போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருளைப் பற்றிச் சொன்னபோது "ஆழமான பார்வை" என்று தலையாட்டினார். அதையே நான் சொன்னால் "என்ன ரகசியம்மா?" அந்த 'ம்மா'வில் என்ன இருந்தது என்று அரங்கில் இருந்த பெண்களுக்குத் தெரியும். எனக்கு அடுத்துப் பேசக் கை தூக்கியிருந்த பெண் கையை இறக்கிக்கொண்டாள். கேமரா எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள், ஒரு சிரிப்பே போதுமாக இருந்தது. வருஷா வருஷம் ஆர்வெல் மேற்கோளை அட்டையில் போட்டுப் பகிர்கிற நண்பர்களும் அந்தச் சிரிப்பில் இருந்தீர்கள்.

"விடும்மா, விளையாட்டாச் சொன்னது" என்று ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். இருக்கலாம். நேற்று ராத்திரி அண்ணனிடமிருந்தும் ஒரு மெசேஜ். "இதைப் பப்ளிக்கா எழுத வேண்டாம், நாம தனியா பேசிக்கலாமே" என்கிறார். ஏன் அண்ணா, உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?