டார்சி வேகத்தின் அலகு அல்ல

"டார்சி என்பது பாறைக்குள் தண்ணீர் ஓடும் வேகம், 1856-ல் ஹென்றி டார்சியே உருவாக்கிய அலகு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

டார்சி அளப்பது ஊடுருவுதிறனை, அதாவது பாறை தன் வழியே திரவத்தை எவ்வளவு எளிதாகப் பாயவிடுகிறது என்பதை. 1 சென்டிபாய்ஸ் பாகுநிலை (பாய்வதற்குத் திரவம் காட்டும் தடை) கொண்ட திரவம் (20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஏறக்குறைய அப்படித்தான்), சென்டிமீட்டருக்கு 1 வளிமண்டல அழுத்த வேறுபாட்டில், 1 சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியே நொடிக்கு 1 கன சென்டிமீட்டர் பாய்ந்தால், அந்தப் பாறையின் ஊடுருவுதிறன் 1 டார்சி. இந்த அலகுகளையெல்லாம் சுருக்கிப் பாருங்கள், மிஞ்சுவது பரப்பளவின் அலகு! 1 டார்சி கிட்டத்தட்ட 1 சதுர மைக்ரோமீட்டர். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்: பாறையின் குணம் தனியாக நிற்கிறது, திரவம் எதுவானாலும் மாறாது. வேகத்தின் அலகில் வருவது நீர்க் கடத்துதிறன், அதாவது ஒரு பாறை குறிப்பாகத் தண்ணீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்ற அளவு. அதில் திரவத்தின் பாகுநிலையும் அடர்த்தியும் சேர்ந்திருக்கும். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் வரலாறு. பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி, திஜோன் நகரக் குடிநீர் வேலையின்போது மணல் நிரப்பிய குழாயில் செய்த சோதனைகளை 1856-ல் வெளியிட்டார். அந்தச் சோதனைகளிலிருந்து அவர் கண்ட நீரோட்ட விதியில் பாகுநிலையே கிடையாது. சோதித்தது தண்ணீரை மட்டும்தான். 1858-ல் காலமானார். அலகுக்கு அவர் பெயரை வைத்தது 1930-களில் எண்ணெய்த் துறையினர். எண்ணெய்ப் பாறைகளுக்கு டார்சி பெரிய அளவு என்பதால் அங்கே மில்லிடார்சிதான் அன்றாடப் புழக்கம்.